செவலையைத் திருப்பி விட்ட மறுநாள்

பிசியோதெரபிக்கு வரும் பெண், தினமும் ஒரு பக்கம் கையால் எழுதச் சொல்லியிருக்கிறாள். விரல்களுக்குப் பயிற்சியாம். "என்ன எழுத?" என்று கேட்டேன். "என்ன வேணாலும் எழுதுங்கம்மா, மளிகை லிஸ்ட்கூட எழுதலாம்" என்றாள். துவரம்பருப்பும் கடுகும் எழுதி இரண்டே நாளில் அலுத்துவிட்டது. அதனால் எனக்கு வந்த வியாதியை எழுதுகிறேன். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிய கதைதான். அவர்களிடம் சொல்லாமல் விட்டதும் கொஞ்சம் இருக்கிறது. கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் வசந்தா. வயது ஐம்பத்தொன்று. திண்டுக்கல் நாகல் நகரில் வீட்டின் முன்னறையிலேயே தையற்கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் கதிரேசன், அரசுப் பேருந்தில் கண்டக்டர், திண்டுக்கல் வத்தலக்குண்டு தடம். ஒரே மகன். வேலை கிடைத்து கோயம்புத்தூருக்குப் போய்விட்டான். அவன் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது என்று எழுதினால் பொய். நிம்மதியாகத்தான் இருந்தது. நாய் வளர்க்கும் எண்ணமெல்லாம் எனக்கு இருந்ததே இல்லை.

கடையில் விழும் வெட்டுத்துணி இரண்டு மூட்டை சேர்ந்திருந்தது. செம்பட்டிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் ரோட்டோரத்தில் ஒரு நாய்க் காப்பகம் இருக்கிறது, நாய்களுக்கு விரிக்கத் துணி வாங்கிக்கொள்வார்கள் என்று வாடிக்கைக்காரி ஒருத்தி சொன்னாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே அத்தனை நாயும் கம்பியில் ஏறிக் குதித்தன. ஒன்று மட்டும் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. செவலை நிறம், பெண்நாய், இடது காது கிழிந்திருந்தது. "அது அப்படித்தாம்மா. ஆறு வயசாச்சு. யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் காப்பகத்து அம்மா. முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். நானும் அந்த ரகம்தான். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

"வயசான நாயப் போயா கூட்டியாருவ? குட்டி ஏதும் இல்லையா அங்க?" என்றார் இவர்.

"நம்ம மட்டும் குட்டியா?" என்றேன்.

செவலை என்றே பெயர் வைத்தோம். நாய் நன்றியுள்ள பிராணி என்று பள்ளிக்கூடத்தில் எழுத வைத்திருக்கிறார்கள். இந்த நாயிடம் அப்படி எதையும் நான் பார்க்கவில்லை. சோறு வைத்தால் நான் அந்தப்பக்கம் போன பிறகுதான் தின்னும். வாலாட்டியதே கிடையாது. எட்டாம் நாள் தையல் மிஷினுக்கு அடியில் வந்து, பெடலுக்குப் பக்கத்தில் படுத்தது. அதற்கப்புறம் தினமும் அதுதான் அதன் இடம். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நாய் வந்த பத்தாம் நாள், மகனுக்கு வேலை கிடைத்ததற்காக வேண்டியிருந்தபடி கன்னிவாடி மலையடிவாரத்தில் எங்கள் குலசாமிக்குக் கெடா வெட்டினோம். சொந்தபந்தம் நூறு பேர். கன்னிவாடியில் இருக்கும் என் நாத்தனார் சரசுதான் எல்லாவற்றையும் முன்னின்று செய்தாள். நல்ல வெயில். மத்தியானம் ஆக்கிய கறியை மாலைவரை வைத்துச் சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்ததும் எனக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. நாலு நாள் ஓஆர்எஸ் குடித்துச் சரியானேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன். ஏனென்றால் பிற்பாடு வீட்டில் ஒருவருக்கும் இது ஞாபகமில்லாமல் போய்விட்டது.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் பிளவுஸ் ஒன்றுக்குக் கை மூட்டிக்கொண்டிருந்தேன். மிஷின் விட்டுவிட்டு ஓடியது. மோட்டாரில் கோளாறு என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் என் பாதம் பெடலில் சரியாகவே அழுந்தவில்லை. உள்ளங்கால் முழுக்க எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. மறுநாள் வாசல்படி இரண்டும் ஏற முடியவில்லை. எதிர்வீட்டில் வாய்வு என்றார்கள், பூண்டு தின்னச் சொன்னார்கள். தின்றேன். மூன்றாம் நாள் குளியலறையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கத்திக் கூப்பிட்டேன், இவர் கதவைத் தள்ளி உள்ளே வந்து தூக்கினார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவர் என்னைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்திலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா ஒருவர் ரப்பர் சுத்தியலால் என் முட்டியைத் தட்டினார். கால் துள்ளவில்லை. இன்னொரு முறை தட்டினார்.

"வீட்ல நாய் இருக்கா? கடிச்சுச்சா, பிறாண்டுச்சா?" என்று கேட்டார்.

இவர் முகம் மாறிவிட்டது. "இருக்கு டாக்டர். வந்து மூணு வாரந்தான் ஆகுது."

"கடிக்கல டாக்டர். அது பக்கத்துல வாரதே பெரிய விஷயம்" என்றேன்.

"சரி. ரெண்டு வாரத்துக்கு முன்னால வயித்துப்போக்கு, காய்ச்சல் ஏதும் இருந்துச்சா?"

"இல்லையே" என்றார் இவர்.

"நாலு நாள் இருந்துச்சு டாக்டர். கெடா விருந்துல சாப்ட்டு வந்த பெறகு."

தலைமாட்டில் நின்ற சரசு என் காதுப்பக்கம் குனிந்தாள். "சாமி சோத்த எதுக்கு மதினி இதுல இழுக்குறீங்க?"

டாக்டரம்மா அந்த வயிற்றுப்போக்கைத்தான் குறித்துக்கொண்டார். முதுகுத்தண்டில் ஊசி போட்டு, உள்ளே இருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். கைகால்களில் சின்னச் சின்னதாக ஷாக் வைத்து, நரம்பில் சேதி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார்கள். வியாதியின் பெயர் கில்லன் பாரே என்றார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் வாயில் நுழையவில்லை. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். வயிற்றுக்குள் வந்த கிருமியை அடிக்க உடம்பு ஒரு படையை அனுப்புகிறது. கிருமி செத்த பிறகும் அந்தப் படை அடங்காமல் சொந்த நரம்புகளையே அடிக்கிறது. கரண்ட் வயருக்கு மேல் உறை இருப்பது மாதிரி நரம்புக்கும் ஓர் உறை உண்டு. அதைத் தின்றுவிடுகிறது. அதனால் மூளை சொல்வது கைகாலுக்குப் போய்ச் சேர்வதில்லை. "முக்காவாசிப் பேரு எழுந்து நடந்துருவாங்க. ஆனா சரியாகுறதுக்கு முன்னால இன்னும் மோசமாகும். மூச்சு வரைக்கும் போகலாம். நாங்க பாத்துக்குறோம்" என்றார்.

அவர் சொன்னபடியே ஆனது. அடுத்த நாள் கைகள் போயின. அதற்கடுத்த நாள் தண்ணீர் விழுங்க முடியவில்லை. பேசினால் குரல் மூக்கு வழியாக வந்தது. சாயங்காலம் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு தீர்ந்தது. ஐசியூவில் வாய்வழியாகக் குழாய் விட்டு, மூச்சு விடும் மிஷினில் போட்டுவிட்டார்கள்.

அந்தப் பதினோரு நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தூங்க வைத்திருப்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். முதல் இரண்டு நாள் அப்படித்தான். பிறகு முழு விழிப்பு. எல்லாம் கேட்கும், எல்லாம் தெரியும். ஒன்றும் செய்ய முடியாது. மூக்கு நுனியில் அரித்தால் அது தானாக அடங்கும்வரை அரிக்கும். போர்வை மடிப்பு முதுகில் உறுத்தினால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க ஆள் வரும்வரை உறுத்தும். முகத்து நரம்பும் போனதால் இமை மூடவில்லை. கண் காய்ந்துவிடும் என்று மருந்து வைத்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். அதற்கப்புறம் இருட்டு. நான் வாயாடி. கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு பட்டனுக்கே பத்து நிமிஷம் பேசுவேன். எனக்கே இப்படி வர வேண்டுமா என்று கோபம் கோபமாக வரும். அந்தக் கோபத்தைக் காட்டவும் ஒரு விரல் அசைய வேண்டுமே.

ஒரு நர்ஸ் பெண் மட்டும், என்ன செய்வதானாலும் முதலில் சொல்லிவிட்டுச் செய்வாள். "அம்மா, வாய் தொடைக்கப் போறேன்." "அம்மா, குழாயில சளி எடுக்கப் போறேன், செத்த நேரம் கஷ்டமா இருக்கும்." அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. முகத்தையும் பார்த்ததில்லை. அவள் டியூட்டி முடிந்து போகும்போது எனக்கு அழுகை வரும்.

ஐந்து நாள் நரம்பு வழியாக ஒரு மருந்து ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான பேர் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புச் சத்தாம் அது. ஏற்றியவுடனே பலன் தெரியாது, ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். முகம் தெரியாத ஆயிரம் பேர் எனக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கினார்கள். எத்தனை பேர் ராசியானவர்கள், எத்தனை பேர் ராசியில்லாதவர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எட்டாம் நாள் பார்வையாளர் நேரத்தில் இவர் வந்தார். பத்து நிமிஷந்தான் விடுவார்கள். வழக்கமாக வந்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் நடந்ததையெல்லாம் சொல்லுவார். அன்றைக்குக் குரலே வேறு மாதிரி இருந்தது. சந்தோஷமான குரல்.

"வசந்தா, இனி ஒண்ணும் கவலப்படாத. அந்த நாயக் கொண்டுபோயி காப்பகத்துலயே விட்டுட்டேன். அது வந்த நேரந்தான் நம்மளப் போட்டு இந்தப் பாடு படுத்துது. வீட்டையும் கழுவி விட்டாச்சு. இனி எல்லாம் சரியாயிரும்."

நான் கேட்டுக்கொண்டு கிடந்தேன். செவலை என்ன செய்தது, எப்படிக் கூட்டிக்கொண்டு போனார், பெடலுக்கு அடியிலிருந்து இழுத்தாரா, ஒன்றும் கேட்க முடியாது. பிளாஸ்திரிக்கு அடியிலிருந்து கண்ணீர் இரண்டு பக்கமும் வடிந்தது.

"பாரு, உனக்கும் இப்பத்தான் நிம்மதியா இருக்கு" என்று சொல்லி அவர் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். காதுக்குள் போகாமல் அத்தனை பதமாகத் துடைத்தார். அவ்வளவு அன்பாக எனக்கு யாரும் எதுவும் செய்ததில்லை. அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. இரண்டும் உண்மை.

மறுநாள் காலையில் என் வலது கட்டைவிரல் அசைந்தது.

சோதனையைப் பாருங்கள். முந்தின நாள் அசைந்திருக்கக் கூடாதா, இரண்டு நாள் தள்ளி அசைந்திருக்கக் கூடாதா? நர்ஸ் பெண்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, வெரல் ஆடுதும்மா!" என்று கத்தினாள். டாக்டரம்மா வந்து பார்த்து, மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது, கணக்காக வந்திருக்கிறது என்றார். இவர் அதைக் கேட்டாரோ என்னவோ. வெளியே போய் ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். நாயை விட்டார், மறுநாளே விரல் அசைந்தது. வேறென்ன வேண்டும்?

மூன்று நாளில் குழாயை எடுத்தார்கள். வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே இருபத்தாறு நாள். காய்ந்த குரலில் நான் முதலில் கேட்டது தண்ணீர். ஒரு ஸ்பூன் தண்ணீர் தொண்டையில் இறங்கியபோது நான் அழுததைப் பார்த்து பக்கத்துக் கட்டில் அம்மாவும் அழுதார். இருமல் வராமல் எச்சில் விழுங்குவது, ஒருக்களித்துப் படுப்பது, மூக்கைத் தானே சொறிவது, இவையெல்லாம் எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் தெரிந்தது. தினமும் ஒன்று திரும்பி வந்தது. வந்ததற்கெல்லாம் யாருக்கு நன்றி சொல்வது என்றுதான் தெரியவில்லை. வார்டைப் பெருக்கி, எனக்கு அடியில் துணி மாற்றும் ஆயாவிடம் ஒருநாள் "ரொம்ப நன்றிம்மா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "இதென்னா மேடையில பேசுற மாதிரி பேசுறீங்க. இட்லி சாப்ட்டீங்களா?" என்றார்.

வீட்டாளுகளிடம் நாம் அந்த வார்த்தையைச் சொல்வதே இல்லை. சொன்னால் மூன்றாம் மனுஷரிடம் பேசுவது போல ஆகிவிடும். இவர் லீவு போட்டுவிட்டு என் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தார். எனக்குச் சோறு ஊட்டினார். தலை வாரினார். வகிடு கோணலாக எடுத்து, சடையை இறுக்கிப் பின்னுவார், நாள் முழுக்க மண்டை வலிக்கும். கக்கூஸுக்குத் தூக்கிப் போனார். அப்படிப்பட்ட மனிதரிடம் "என் நாயை ஏன் விட்டீர்கள்?" என்று எந்த வாயால் கேட்பேன்? கேட்பதற்குத்தான் ஆயிரம் தடவை யோசித்தேன். அடுத்த வாய் அவர் கையிலிருந்துதான் வர வேண்டும். கோபத்தையும் ரசத்தோடு சேர்த்து விழுங்கினேன்.

வாக்கரோடு வீட்டுக்கு வந்தேன். நாலு கால் உள்ள அலுமினிய ஸ்டாண்டு, அதைத் தள்ளித் தள்ளித்தான் நடக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி முழுசாக வரவில்லை. தரையைப் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்கிறேன். அது ஒரு வருஷம்கூட ஆகலாம், சிலருக்கு விரல் நுனிகளில் கொஞ்சம் நின்றுவிடவும் செய்யலாம், பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் கேட்டுவிட்டேன். "செவலையக் கூட்டியாருவமா?"

இவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "அந்தப் பேச்சே வேணாம்."

"எனக்கு வந்தது வயித்துப்போக்குனாலங்க. டாக்டரே சொல்லிட்டாங்கல்ல."

"கெடாக்கறி நூறு பேரு தின்னாக. ஒனக்கு மட்டுந்தான் வந்துச்சு. நாய விட்டேன், வெரல் ஆடுச்சு. என் கண்ணால பாத்தேன். மறுபடி கூட்டியாந்து, மறுபடி நீ விழுந்தா? அந்த மிஷினு மூச்சு விடுற சத்தம் இன்னும் என் காதுல இருக்கு வசந்தா. என்னால ஏலாது."

பயத்தோடு எப்படி வாதாடுவது? ஒரு நாயைத் தூக்கி வர என்னால் முடியாது. வாசல்படி இறங்கவே இரண்டு பேர் வேண்டும். அடுத்த இரண்டு வாரமும் சும்மா இருந்தேன்.

அப்போது சரசு வந்தாள். எனக்குத் துணையாக நாலு நாள் இருக்க வந்திருந்தாள். ராசிப் பேச்சைக் கிளப்பி விட்டவள் அவள்தான் என்று நான் முடிவே கட்டியிருந்தேன். முகம் கொடுத்துப் பேசவில்லை. மீன் குழம்பு வைத்தாள், நன்றாக இருந்தது, அதையும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அவளே கேட்டாள்.

"எம்மேல என்ன கோவம் மதினி?"

சொன்னேன்.

"அண்ணேந்தான் மதினி சொன்னாரு. நான் வேணாம்னேன். நீங்க இந்த வீட்டுக்கு வந்த மாசம் அப்பாவுக்குக் கால் ஒடஞ்சுச்சுல்ல? ராசியில்லாதவன்னு அம்மா ஒங்கள ஒரு வருசம் பேசுச்சு. எனக்கு அப்ப பதிமூணு வயசு. நானும் கூடச் சேந்து பேசுனேன். அது ஒங்களுக்குத் தெரியாது. அந்த நாய அண்ணே கயிறு கட்டி இழுத்துட்டுப் போகையில எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு."

அவள் பேசியது எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள். தெரியும். இருபத்தேழு வருஷமாகத் தெரியும். அதைச் சொல்லாமல், "நாளைக்கு என்னைய பஸ் ஏத்தி விடுறியா?" என்று கேட்டேன்.

மறுநாள் பத்து மணி வண்டி. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் சரசு பின்னாலிருந்து தள்ள, ஒரு பூக்காரம்மா மேலிருந்து இழுக்க, ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பிய பிறகுதான் இவர் டிக்கெட் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ரெண்டு. காப்பகத்து வாசல்" என்று பணத்தை நீட்டினேன்.

"அங்க ஸ்டாப்பிங் கெடையாது."

"செம்பட்டியில எறங்குனா நான் இம்புட்டு தூரம் திரும்பி நடக்கணும்."

அவர் செம்பட்டிக்கு இரண்டு டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விட்டார். நான் அவருடைய மனைவி என்று வண்டியில் யாருக்கும் தெரியாது. பூக்காரம்மாவால் பொறுக்க முடியவில்லை. "ஏப்பா கண்டக்டரு, நடக்க மாட்டாத பொம்பள. ஒரு நிமிசம் நிறுத்துனா கொறஞ்சா போயிரும்? ஒன் வீட்டுப் பொம்பளையா இருந்தா விட்டுருவியா?" என்றார். பின்சீட்டில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, படபடப்பாகவும் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. காப்பகத்து மதில் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் நிறுத்தாமல் விட்டால் நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. எழுந்து நிற்பதற்கே அவர் வேண்டும்.

நீளமாக ஒரு விசில் கேட்டது. வண்டி நின்றது.

அவர் வந்து என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, படியில் இறக்கி, வாக்கரை எடுத்து முன்னால் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தி வைக்க முடியாதே. ஏறிப் போய்விட்டார்.

காப்பகத்து அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு நாற்காலி போட்டார். ஆனால் பிடி கொடுக்கவில்லை. "திருப்பி விட்ட நாய மறுபடி அதே வீட்டுக்குக் குடுக்குறதில்லம்மா. வந்ததுல இருந்து ஒரு வாரம் சரியா சாப்டல. அப்படியே குடுத்தாலும் விட்டுட்டுப் போனவர் வந்து கையெழுத்துப் போடணும்" என்றார். செவலையைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

வந்தது. இளைத்திருந்தது. ஓடி வரவில்லை. என்னைப் பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் மேல் ஆஸ்பத்திரி வாசனை அடித்திருக்கும். வாக்கரின் நாலு காலையும் சுற்றிச் சுற்றி முகர்ந்தது. அப்புறம் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாக்கரில் சாய்ந்துகொண்டது. குனிந்து தொட எனக்கு இடுப்பு வளையவில்லை. சரசுதான் எனக்கும் சேர்த்துத் தடவிக் கொடுத்தாள்.

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். வண்டி வத்தலக்குண்டு போய்த் திரும்பி வர வேண்டும். வராமலும் போகலாம். வெளியே விசில் கேட்டபோது மணி பன்னிரண்டரை.

வண்டி நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு அவர் உள்ளே வந்தார். வெளியே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். செவலையை விட்ட நாளிலிருந்து அந்த வாசல் வரும்போதெல்லாம் இவர் டிக்கெட் கணக்குப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொள்வாராம். பிற்பாடு சொன்னார்.

"ஒரு தடவ திருப்பி விட்டீங்க. இனி விடமாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டார் காப்பகத்து அம்மா.

"நிச்சயமெல்லாம் இல்லம்மா. எனக்கு இப்பவும் பயமாத்தான் இருக்கு" என்றார் இவர். அந்த அம்மா காகிதத்தை நகர்த்தினார். "இன்னொரு தடவ திருப்புனா அப்புறம் கெடையாது. எந்தக் காரணம் சொன்னாலும் கெடையாது." இவர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காப்பகத்து வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். செவலை நேராக மிஷினுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது. நான் இன்னும் தைக்க ஆரம்பிக்கவில்லை. மிஷின் சும்மாதான் நிற்கிறது.

இது நடந்து ஒன்றரை மாதம் ஆகிறது. தினமும் காலையில் டியூட்டிக்குக் கிளம்புமுன் இவர் என் கால்மாட்டில் உட்காருகிறார். பெருவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்கிறார். கேட்கும்போது அவர் பார்வை என் மேல் இருப்பதில்லை. மிஷினுக்கு அடியில் இருக்கிறது.

எட்டு விரலில் தெரிகிறது. இரண்டு சுண்டுவிரலிலும் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அப்படித்தான் இருக்கும் என்றார். ஆனால் இவரிடம் சொல்ல முடியாது. அதனால் தலையணையை உயரமாக வைத்துக்கொண்டு, அவர் கை எந்த விரலில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். சுண்டுவிரலுக்கு வருவார்.

"தெரியுதா?"

"தெரியுது."

அப்புறம்தான் எழுந்து போய்ச் செவலைக்குச் சோறு வைப்பார்.